மொட்டைக்கு இடது பக்கம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி? ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், நான்தான் அங்கே பரிமாறுவது போல. போனில் பேசினால் நாம் சீக்கிரமே சண்டைக்குப் போய்விடுகிறோம், கடிதம் என்றால் தபால் பெட்டிக்கு நடப்பதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீதானே சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

டிப்போவில் எனக்கு ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். பஸ் வந்த நேரம், போன நேரம் குறித்துக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்தால் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பகலில் போனால் நம் மொட்டைப் பாறை அடுப்பில் வைத்த சட்டி மாதிரி காய்ந்து கிடக்கிறது. விரல் வியர்த்து வழுக்குகிறது. இரண்டரை ஆள் உயரக் கல். கயிறு இல்லாமல், கீழே மெத்தையைப் போட்டுவிட்டு ஏறுகிற கல். அதன் பின்பக்கம் நமக்கு மசிந்துவிட்டது. முன்முகம் மட்டும் மூன்று வருஷமாக நம் இரண்டு பேரையும் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறதே, அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. இனிமேல் இருட்டிய பிறகு போய் ஏறப்போகிறேன்.

துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. டிப்போவுக்கு எதிரே கிளினிக் திறந்திருக்கும் பல் டாக்டரம்மா. உன் வயசுதான் இருக்கும். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவர், என் விரல் நுனித் தோலைப் பார்த்துவிட்டு, “நீங்க பாறை ஏறுவீங்களா?” என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சோடு தலையாட்டினேன். அவரிடம் சொந்தமாக இரண்டு தடித்த மெத்தைகள் இருக்கின்றன.

நீ மேடைக்கு விளக்குப் போடுகிறவள். உனக்குத் தெரியாத வெளிச்சமா? நெற்றியில் மாட்டும் விளக்கு, கார் பேட்டரியில் எரியும் இரண்டு ஃப்ளட் லைட், கூடார லாந்தர் எல்லாம் டாக்டரிடம் இருக்கின்றன. முன்முகத்துக்கு எதை எங்கே வைக்க வேண்டும்? நீ சொல்கிற இடத்தில்தான் வைப்பேன். நன்றாக யோசித்துச் சொல்.

உன் வாலு

பிப்ரவரி 17

என் வாலுக்கு,

நலமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வரும்வரை. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அதற்கும் பல் டாக்டரைக் கேட்காதே.

ஒரு பல்லைப் பிடுங்கினதற்கே மொட்டையைக் காட்டிவிட்டாயா? நாலு பல் பிடுங்கியிருந்தால் வீட்டை எழுதிக் கொடுத்திருப்பாய் போலிருக்கிறது. அந்தக் கல்லுக்குப் போகும் வழியைக் கண்டுபிடித்தவள் நான். கல்லின் மேலிருந்த பாசியை உட்கார்ந்து தேய்த்தவள் நான். அவள் இரண்டு மெத்தையோடு வந்தாளாம், இவள் கூட்டிக்கொண்டு போனாளாம். சரி, போகட்டும். நான் ஏன் கவலைப்படப் போகிறேன்? எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை.

விளக்கு விஷயம். ஆளுக்கொரு நெற்றி விளக்கு கட்டாயம். நீ பார்க்கிற பக்கமெல்லாம் வெளிச்சமும் கூடவே வரும். அதோடு ஃப்ளட் லைட்டை ஸ்டாண்டில் மாட்டி, வலது பக்கம் பின்னால் தள்ளி, உயரமாக வை. ஜெனரேட்டர் வேண்டாம், அதன் இரைச்சலில் ஒருத்தர் கத்துவது இன்னொருத்தருக்குக் கேட்காது. கார் ஹெட்லைட்டும் வேண்டாம், திரும்பிப் போக வண்டி கிளம்பாது. இடது பக்கம் ஒன்றும் வைக்காதே. அங்கே முட்புதர், வயர் மாட்டிக்கொள்ளும்.

அவள் நன்றாக ஏறுகிறாளா? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். ஒத்தடம் வேலை செய்கிறது. அம்மா இப்போது மாடிப்படி ஏறிவந்தே என்னைத் திட்டுகிறாள். உனக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். மேடைக்கு விடும் புகையை மூக்குக்குள் விட்டுக்கொள்ளாதே.

நீ சொன்னபடியே செய்தோம். நெற்றி விளக்கைப் போட்டதும் எங்கிருந்துதான் வந்தனவோ, அத்தனை பூச்சியும் என் மூக்கைக் குறிவைத்து வந்தன. அது போகட்டும். கண் பார்க்கிற திசையிலேயே வெளிச்சமும் போவதால் பாறையில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறது. வலது பக்கத்து விளக்கோ என் நிழலை எடுத்து, நான் அடுத்துப் பிடிக்க வேண்டிய இடத்தின்மேலேயே போடுகிறது. என் கை போகும் இடத்தை என் தலையே மறைக்கிறது.

முட்புதர் இப்போது இல்லை. டாக்டர் கத்தரியோடு வந்து ஒரே மாலையில் வெட்டிவிட்டார். இடது பக்கம் வைத்துப் பார்க்கட்டுமா அக்கா? உன்னைக் கேட்காமல் வைக்கக் கூடாது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும், “மேடைக்கே லைட் போடுறவங்க, அவங்களுக்குத் தெரியாததா?” என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவர் நன்றாக ஏறுகிறார். நீ கேட்டதால் சொல்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு

மார்ச் 12

என் வாலுக்கு,

இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை.

புதரை வெட்டிவிட்டாளா? யாரைக் கேட்டு வெட்டினாள்? நம் கைகால் கீறி ரத்தம் வந்தபோதெல்லாம் அந்தப் புதரை நாம் வெட்டவில்லையே. பல்லை வெட்டிப் பழகியவளுக்கு எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும் போலிருக்கிறது. “அவங்களுக்குத் தெரியாததா” என்று பணிவாக வேறு பேசினாளாக்கும். நல்லவளாக இருந்து தொலைக்கிறாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இடது பக்கம் தரை சரிவு. ஸ்டாண்டு சாய்ந்தால் கீழே நிற்பவள் தலையில் விழும். வேண்டாம். இரண்டு விளக்கு எடுத்துக்கொள். முன்னால், இரண்டும் ஒரே உயரத்தில், ஒன்று நேர் எதிரே, இன்னொன்று அதற்குக் கொஞ்சம் வலத்தில். ஒன்றின் நிழலை இன்னொன்று அழித்துவிடும். நிழலே இருக்காது. கிளினிக் மாதிரி பளிச்சென்று இருக்கும், உன் டாக்டருக்கும் சொந்த இடம் போலத் தோன்றும்.

இங்கே கதாநாயகி என் உயிரை எடுக்கிறாள். மூன்றாவது காட்சியில் ஒரே ஒரு விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தேன். அவள் முகத்தில் இத்தனை நாள் யாரும் பார்க்காத சுருக்கம் எல்லாம் எழுந்து நின்றுவிட்டது. ஒத்திகையை நிறுத்திவிட்டு அழுதாள். “என்ன வயசானவளாக்கவே உன்ன வேலைக்கு வச்சிருக்காங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீ ஏறும்போது உன் முதுகுக்குப் பின்னால் கை நீட்டிக்கொண்டு அவள்தான் நிற்கிறாளா?

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் பிழைத்துக் கிடக்கிறோம், நீ நலமா? இந்த முறை சுருக்கமாக எழுதுகிறேன், டாக்டருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டு விளக்கையும் முன்னால் வைத்தோம். நிழல் சுத்தமாகப் போய்விட்டது. கூடவே பாறையும் போய்விட்டது. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று நிற்கிறது, எங்கே கை வைப்பது? அதைவிட மோசம், அத்தனை வெளிச்சத்தையும் பாறைமேல் கொட்டியதில் கீழே கும்மிருட்டு. டாக்டர் பாதி உயரத்திலிருந்து விழுந்தார். இரண்டு மெத்தைக்கும் நடுவே இருந்த சந்து அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சரியாக அதற்குள் கால் போய்விட்டது. கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. உடையவில்லை, நல்ல காலம். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பல் பிடுங்குகிறார்.

அம்மா சொன்னாள்: “பகல்லயே விழுறீங்க, இதுல ராத்திரி வேற. ரெண்டு பேரும் அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு அழுங்க.”

ஆமாம், பின்னால் கை நீட்டி நிற்பது அவர்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

வாலு

ஏப்ரல் 4

வாலு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் இதைப் படி.

விழும் இடத்துக்குத் தனி விளக்கு வேண்டும். லாந்தரை மெத்தைக்குப் பின்னால், தாழ்வாக, பாறையில் படாமல் மெத்தைமேல் மட்டும் விழும்படி வை. மஞ்சள் வெளிச்சம் போதும். ஏறுபவள் திரும்பிப் பார்த்தால் மெத்தையின் ஓரம் தெரிய வேண்டும், ஆனால் கண் கூசக் கூடாது. இரண்டு மெத்தையையும் ஒட்டிப் போட்டு, நடுவில் உள்ள சந்தின்மேல் பழைய கம்பளத்தை விரி. வெளிர் நிறக் கம்பளமாக இருக்கட்டும். கீழே நிற்பவள் நெற்றி விளக்கை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இறங்குபவளின் கண்ணைக் குருடாக்கிவிடுவாள். இது இல்லாமல் இனி ஒரு அடிகூட ஏறாதே. இதை மட்டும் நான் மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துதான் போனேன்.

டாக்டர் கால் எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல். வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொல். அவளுக்கே தெரிந்திருக்கும்.

நீ விழவில்லையே? உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் விழவில்லை. டாக்டர் நொண்டாமல் நடக்கிறார். நீ விசாரித்தாய் என்றதும் அவருக்கு முகமெல்லாம் பல். லாந்தரும் கம்பளமும் வைத்தோம், இப்போது கீழே பார்த்தால் பயமே இல்லை. இதுவரை நீ சொன்னதிலேயே உருப்படியானது இதுதான்.

“இதை மட்டும்” மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

அக்கா, ஒரு சந்தேகம். பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கை வைத்தால் கதாநாயகி முகத்தில் யாரும் பார்க்காத சுருக்கமெல்லாம் தெரிகிறது என்கிறாய். பாறைக்கு மட்டும் நிழலே கூடாது என்கிறாய். மொட்டை உன்னிடம் வந்து அழுததா?

சரிவில் ஸ்டாண்டு நிற்காது என்பது உண்மைதான். விளக்கைத் தரையிலேயே வைக்கலாமே. இடது பக்கத்தைப் பற்றி நீ என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல். உன் பதில் வரும்வரை நான் முன்முகத்தில் கை வைக்க மாட்டேன். பின்பக்கமே ஏறிக்கொண்டிருப்பேன்.

அம்மா உனக்காக ஸ்வெட்டர் பின்னுகிறாள். நிறம் சுமார்தான், வந்ததும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடு.

வாலு

மே 26

என் வாலுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. ஊர் மாறிக்கொண்டே இருந்தோம். அது சாக்கு என்று உனக்கே தெரியும், சாமான் மூட்டைமேல் உட்கார்ந்துகூட நான் கடிதம் எழுதியிருக்கிறேன். ஸ்வெட்டர் வந்தது. நிறம் சுமார் இல்லை, படுமோசம். பிடித்திருக்கிறது என்று சொல். அம்மா நன்றாக இருக்கிறாளா? ராத்திரி தூங்குகிறாளா?

இங்கே புது நாடகம், பாதிக்கு மேல் இருட்டிலேயே நடக்கிறது, அதனால் வேலை குறைவு. வேலை குறைந்தால் நினைப்பு அதிகம். மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. நீயும் அவளும் மெத்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்து போவதை நினைத்தால் எரிகிறது. நீ வழுக்கும்போது அவள் கை உன் முதுகைத் தாங்குவதை நினைத்தால் இன்னும் எரிகிறது. அது என் இடம். நான் வேலைக்காகத்தான் போனேன், இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை. அவள் கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டுவேன். அவளோ சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறாளாம், அம்மா எழுதியிருக்கிறாள்.

ஜூலையில் எனக்கு லீவு. அதுவரை முன்முகத்தைத் தொடாதே. நான் வந்ததும் சேர்ந்து ஏறலாம், முன்பு மாதிரி, நாம் இரண்டு பேர் மட்டும். இத்தனை வருஷம் காத்திருந்த கல் ஜூலை வரை நிற்காதா?

விளக்கைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம், நான் நலம், டாக்டரின் காலும் நலம். அது எவ்வளவு நலம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். நான் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டேன். பாதி வழியில் தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பி வந்தேன். வெயில் இடது பக்கமிருந்து கல்லை உரசிக்கொண்டு விழுந்தது. நீ முன்முகத்தில் நின்றாய். உன் இடது கை, நான் அதுவரை பார்த்தே இராத ஒரு மெல்லிய விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நெட்டுக்குத்தாக, நகத்தின் தடிமனே உள்ள விளிம்பு. கால் தரையை விட்டு எழும்பியது. வலது கை கிட்டத்தட்ட உச்சியைத் தொட்டது. அப்புறம் குதித்து இறங்கி, பிரஷை எடுத்து, விளிம்பில் ஒட்டியிருந்த, விரல் வழுக்காமலிருக்க நாம் பூசும் வெள்ளைப் பொடியைத் துளிகூட இல்லாமல் துடைத்தாய். வீட்டுக்கு வரும் வழியில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “இன்னைக்கும் ஒண்ணுமில்லடி.”

நான் கேட்கவில்லை. நீயே சொல்வாய் என்று இருந்தேன். இத்தனை கடிதத்திலும் விளக்கை எங்கே வைப்பது என்று நான் கேட்டது எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா. நீ சொல்ல வேண்டும் என்றுதான். நீ சொல்லியிருந்தால், ஜூலை என்ன, அடுத்த வருஷம் வரைகூடக் காத்திருந்திருப்பேன்.

இனி நடந்ததைக் கேள். உன் பேச்சைக் கேட்டு முன்முகத்தைத் தொடாமல்தான் இருந்தேன். டாக்டரிடமும் அந்த விளிம்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அது உன்னுடையது என்று நினைத்தேன். ஆனால் அவரை உன் வாக்கு எப்படிக் கட்டும்? போன வியாழக்கிழமை அவர் சொன்னார்: “பல்லுல விரிசல் இருக்கான்னு பாக்கணும்னா நாங்க லைட்ட நேரா காட்ட மாட்டோம், பக்கத்துலேருந்து சாய்ச்சுக் காட்டுவோம். உங்க அக்கா பெரிய ஆளு, அவங்க வேணாம்னு சொன்னா காரணம் இருக்கும்னுதான் இத்தன நாள் பேசாம இருந்தேன். ஒரே ஒரு தடவ பாத்துடலாமா?”

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன காரணம் இருக்கிறது? ஃப்ளட் லைட்டைத் தூக்கிக்கொண்டு போய் இடது பக்கம் தரையில் வைத்தார். விளிம்பு கறுப்புக் கோடு போட்டது போல நின்றது. “அட, இங்க பாருங்க!” என்று குழந்தை மாதிரி கத்தினார். இரண்டு தடவை விழுந்தார். மூன்றாவது தடவை உச்சிக்கு மேல் உட்கார்ந்திருந்தார், காலை ஆட்டிக்கொண்டு.

நான் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் விழுந்துவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாம் ஒருத்திக்கொருத்தி மறைத்து வைத்ததை அவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதுவும் ஒரு சூதும் இல்லாமல். இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “அக்காவுக்கு உடனே எழுதுங்க, சந்தோஷப்படுவாங்க” என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் தங்கை

ஜூன் 11

என் வாலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, இருட்டு மேடையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கதாநாயகியே வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. டாக்டரிடம் நான் சந்தோஷப்பட்டதாகச் சொல். அது பொய் என்று உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்போது நான் எழுதுவதை ஒழுங்காகப் படி. ஃப்ளட் லைட்டைத் தரையில் வைத்தது தப்பு. அவ்வளவு தாழ்வில் வைத்தால் விளிம்பின் கீழ்ப் பாதி மட்டும்தான் தெரியும், அதனால்தான் அவள் இரண்டு தடவை விழுந்திருப்பாள். ஒரு முக்காலியின்மேல் வை, உன் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். முக்காலியின் சரிவுப் பக்கத்துக் காலுக்கு அடியில் தட்டைக் கல்லாகப் பார்த்துக் கொடு, ஆடாது. பாறையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். வெளிச்சம் பாறையைப் பார்க்கக் கூடாது, அதை ஒட்டி உரசிக்கொண்டு போக வேண்டும். நெற்றி விளக்கை அணைத்துவிடு. லாந்தர் முன்பு சொன்ன இடத்திலேயே இருக்கட்டும்.

விளிம்பை இடது கையின் நான்கு விரலாலும் பிடித்து உன் பக்கம் இழு, கீழ்நோக்கி இழுக்காதே. வலது காலை முழங்கால் உயரத்தில் உள்ள சின்னக் குழியில் வை. அது இருப்பதே வெளிச்சத்தில் தெரியாது, கட்டை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உச்சிக்குக் கை போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாதே. நான் பிடித்துக்கொண்டேன், அதனால்தான் அன்றைக்கு எட்டவில்லை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை வரை காத்திருக்காதே. இந்த வாரமே போ. கீழே அவள் நிற்கட்டும், கையை நீட்டிக்கொண்டு நிற்கட்டும், நன்றாகத்தான் நிற்பாள். எரிகிறது, இருந்தாலும் போ.

அவள் எப்படி ஏறினாள் என்று இனி ஒரு வரிகூட எழுதாதே, படிக்க மாட்டேன். நீ எப்படி ஏறினாய் என்று எழுது. எத்தனை பக்கமானாலும் எழுது.

அக்கா